நீலச் சட்டைக்காரர் மயங்கி விழுந்த செய்தி

உள்ளூர் வார இதழ் வெள்ளிக்கிழமை காலையில் வரும். ஒன்பது மணிக்குள் மீட்டரம்மா அதில் இருக்கும் அத்தனை பேரோடும் சண்டை போட்டு முடித்திருப்பாள். குப்பைத் தொட்டி திறப்பு விழா என்று படம் போட்டிருந்தால், "ஒரு தொட்டிக்கு ரிப்பன் வெட்ட ஒன்பது பேரா? ஆளுக்கொரு கை குப்பை அள்ளியிருந்தா தெருவே சுத்தமாயிருக்குமே" என்பாள். மரக்கன்று நட்டார்கள் என்றால், "போன வருஷம் நட்டது எங்கேன்னு முதல்ல காட்டச் சொல்லு" என்பாள். பூங்காக் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று யாரோ புகார் எழுதியிருந்தால், அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். "நகராட்சி ஆபீஸ் நேரத்துக்குச் சரியாத்தானே ஓடுது."

இதையெல்லாம் கேட்பதற்கு வீட்டில் ஒரே ஒரு ஆள்தான். கணவர் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பவர். வாசல் அறையில் நாலு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு காது மந்தம். கல்யாணமான புதிதில் அது எந்தக் காது என்று மீட்டரம்மாவுக்குத் தெரியும். இப்போது, தான் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அந்தப் பக்கக் காதுதான் மந்தம் என்று முடிவுக்கு வந்திருந்தாள்.

ஆகவே அபிப்பிராயங்களை வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்குத் தோதான உத்தியோகம் அவளுக்கு வாய்த்திருந்தது. நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் மீட்டர் அளவு குறிக்கும் வேலை. இருபத்தெட்டு வருடமாக அதே சுற்று, வீடும் கடையுமாக முந்நூற்று எண்பத்தாறு வாசல். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பாள். இரும்புக் கொக்கியால் குழியின் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, உள்ளே குடியிருக்கும் தவளையை ஒரு அதட்டு அதட்டி நகர்த்திவிட்டு, எண்ணைப் படித்துக் கையிலிருக்கும் சின்ன மெஷினில் தட்டுவாள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அபிப்பிராயத்துக்கு ஒன்பது நிமிடம்.

அவள் தப்பாகக் குறித்துவிடப் போகிறாளே என்று வீட்டுக்காரர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அது வீண் பயம். வாயால் எதை வேண்டுமானாலும் கூட்டுவாள். எண்ணை மட்டும் ஒரு புள்ளி கூட்டியதோ குறைத்ததோ கிடையாது. ஆனால் பக்கத்தில் வந்து நின்ற பாவத்துக்கு அவர்கள் வேகத்தடையைப் பற்றியும் தெருநாயைப் பற்றியும் கவுன்சிலரின் மச்சானைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போன் பண்ணும்போது எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, ஊர் செய்தி வேண்டாம். உன் செய்தி சொல்லு" என்பாள். மீட்டரம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு ஊர் செய்தியைச் சொல்ல ஆரம்பிப்பாள்.

கேட்டதையெல்லாம் நம்புகிற ஆள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. ஒரு செய்தியை மூன்று வெவ்வேறு வீட்டில், மூன்று வெவ்வேறு ஆள் சொல்லிக் கேட்டால்தான் உண்மை என்று ஏற்றுக்கொள்வாள். ஒரு வீடு சொன்னால் வம்பு, இரண்டு வீடு சொன்னால் சந்தேகம், மூன்றாவது வீடும் சொல்லிவிட்டால் முடிந்தது. வார இதழ்க்காரனுக்கு இந்த ஒழுக்கம் இருந்தால் நாடு உருப்பட்டிருக்கும் என்பது அவள் கட்சி.

இந்தச் சுற்றில் முந்நூற்று எண்பத்தாறாவது மீட்டர், சந்தைக்குப் பக்கத்தில் இருந்த பொதுக் கழிப்பறையுடையது. அதைப் பார்த்துக்கொண்டவள் மீட்டரம்மாவின் நாத்தனார்.

கணவருக்கு ஒரே தங்கை. ஐம்பத்தொரு வயது. புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. ஒன்பது வருடமாக அந்தக் கழிப்பறை வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், மீட்டரம்மா கல்யாணமாகி வந்த முதல் நாள், விருந்தாளிகள் நடுவில் அவள் மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள். "அண்ணிக்குப் பேச்சு கொஞ்சம் ஜாஸ்திதான். பரவால்ல, அண்ணனுக்குத்தான் காது மந்தமாச்சே." கூடம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார், நல்ல காதுப் பக்கம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு இன்னும் மீட்டரம்மாவின் வயிற்றில் செரிக்காமல் கிடந்தது.

அதனால் நாத்தனாரின் கழிப்பறை என்று பேச்சு வந்தால் அவளுக்கு நாக்கில் தேன் தடவியது போல இருக்கும். "அங்க போறதுக்கு முன்னாடி வீட்ல சொல்லிட்டுப் போங்க" என்பாள். "ஈ கூட வாசல்ல நின்னு யோசிச்சிட்டுத்தான் உள்ள போகுது" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு வந்தால் மேலும் இரண்டு வரும்.

ஒரு நாள் கழிப்பறைப் படியில் யாரோ வழுக்கி விழுந்தான் என்று காதில் விழுந்தது. அவ்வளவுதான் செய்தி. ஆனால் வெறும் வழுக்கலை எடுத்துக்கொண்டு ஒரு வாசலில் போய் நிற்க முடியுமா? மீட்டரம்மா அதற்குக் கண், காது, மூக்கு வைத்தாள். முதல் வாசலில், உள்ளே போனவர் வாடை தாங்காமல் மயங்கி விழுந்தார். ஐந்தாவது வாசலில் அவருக்கு ஒரு நீலச் சட்டை போட்டுவிட்டாள். பத்தாவது வாசலில் அந்தச் சட்டையின் பாக்கெட் ஓரத்தில் ஒரு கிரீஸ் கறையும் வைத்தாள். கறை வைத்ததும் ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் அவர் தினமும் முப்பது தடவை விழுந்தார்.

பிறகு அவள் வேகத்தடைப் பேச்சுக்குப் போய்விட்டாள். மீட்டரம்மாவின் ஞாபகசக்தி அப்படிப்பட்டது. கேட்டது கல்வெட்டு மாதிரி நிற்கும். சொன்னது வாயை விட்டு இறங்கியதும் போய்விடும்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த சுற்று. பேக்கரிக்காரம்மா ரொட்டித் தட்டைத் துடைத்தபடி, "விஷயம் தெரியுமா? சந்தைக் கழிப்பறைல ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்" என்றாள்.

மீட்டரம்மா புருவத்தை உயர்த்தினாள். வம்பு, என்று ஒதுக்கினாள். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் சொன்ன கணக்குப்படி கழிப்பறையில் மூன்று பேர் விழுந்திருந்தார்கள். சந்தேகம். அன்று மத்தியானம் ரிட்டயர்டு தலைமையாசிரியர் வீட்டு வாசலில் மூடியைத் தூக்கும்போது அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "நோய்க் கிருமிம்மா. அங்கிருந்துதான் பரவுது. நீலச் சட்டை போட்ட ஒருத்தருக்கு இன்னும் நினைவே திரும்பலையாம்" என்றார்.

மூன்று வீடு! மீட்டரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம் நிஜமாகவே நாசமாய்ப் போயிருக்கிறதே என்று ஒரு பக்கம் பதைப்பு. 'நான் அன்னைக்கே நினைச்சேன்' என்று மறுபக்கம் ஒரு நிறைவு. நிறைவுதான் கொஞ்சம் பெரிது.

தலைமையாசிரியர் மனு ஒன்று எழுதி வைத்திருந்தார். கழிப்பறையை இடித்து அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கவுன்சிலருக்கு மனு. கவுன்சிலருக்கு அந்த இடத்தில் கார் நிறுத்தம் கட்ட ரொம்ப நாளாக ஆசை என்பது தலைமையாசிரியருக்கும் தெரியும், நிறுத்த இடமில்லாமல் தெருவில் நின்ற அவர் காருக்கும் தெரியும். மீட்டரம்மா பதினேழாவதாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டதோடு நிற்கவில்லை. "எப்படியும் வாசல் வாசலாப் போறவதானே, குடுங்க சார்" என்று தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பத்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை வார இதழின் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. 'நோய் பரப்பும் கழிப்பறை. பொதுமக்கள் கொந்தளிப்பு. புதன்கிழமை சமூகக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.' மீட்டரம்மா அதை நின்றுகொண்டே, குரலை ஏற்றி இறக்கி, முழுவதும் படித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக வார இதழோடு அவளுக்கு ஒரு கருத்து வேறுபாடும் இல்லை.

கணவர் ஒரு மிக்சியின் வயிற்றுக்குள் திருப்புளியை விட்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"இடிச்சிட்டா, அவளுக்கு வேலை?"

"வேலை போகும். வேறென்ன?"

"வாடகை எப்படிக் குடுப்பா?"

"எனக்கென்ன தெரியும்?"

"அப்போ இங்கதான் வருவா" என்றார் கணவர். ஒரு திருகாணியை வாயிலிருந்து எடுத்து உரிய இடத்தில் வைத்துத் திருகினார்.

மீட்டரம்மா வார இதழை மடித்து வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மிக்சிகள். இன்னொன்றில் அவர்கள் இருவரும். நாத்தனார் வந்தால் படுக்கை இவள் அறையில்தான் விழும். காலையில் கண் விழித்தால் அந்த முகம். வார இதழை வாய்விட்டுப் படித்தால் அந்த மெல்லிய குரல். செத்துப்போகும் வரைக்கும். இரண்டு நல்ல காதுகளோடு.

அவள் நல்ல எண்ணத்தில்தான் கிளம்பினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கிளம்பியது இந்தப் பயத்தில்தான்.

அன்றைக்கே பேக்கரிக்குப் போனாள். "அந்த ஆளை ஆஸ்பத்திரியில சேத்ததா சொன்னீங்களே, யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்களே... எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாருமுன்னா யாரு?"

"அதான், எல்லாரும்."

மூன்று பேர் விழுந்ததாகச் சொன்ன வீட்டிலும் இதே பதில். சொன்ன ஆள் யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் செய்தி மட்டும் அச்சு அசலாக நினைவிருந்தது. அந்த வீட்டுப் பெண் கதவைச் சாத்தப் போனவள் திரும்பி வந்து, "ஆள் நீலச் சட்டைங்க. பாக்கெட் ஓரத்துல கிரீஸ் கறை இருந்துச்சாம். பாவம், ஏதோ மெக்கானிக் போல" என்று அடையாளமும் சொன்னாள்.

மெக்கானிக் என்றால் கண்டுபிடித்துவிடலாம். ஆள் பிழைத்திருந்தால் கூட்டத்துக்கே கூட்டி வந்து நிறுத்திவிடலாம். ஊரில் உள்ள ஒர்க்‌ஷாப்புகளை விரல் விட்டு எண்ணியபடியே மீட்டரம்மா வீட்டுக்கு வந்தாள். பின்பக்கம் கைகால் கழுவப் போனபோது கொடிக் கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நீலச் சட்டை, தலைகீழாக, இரண்டு கையும் தொங்க. பாக்கெட் ஓரத்தில் கிரீஸ் கறை. அவளே பலமுறை தேய்த்தும் போகாத கறை.

கால் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர்ப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவள் குழாயை மூட மறந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால், அந்தக் கதையைச் சொன்ன அன்று காலையில், இதே கொடியில் இந்தச் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஐந்தாவது வாசலில் அந்த ஆளுக்கு உடுத்திவிட்டிருக்கிறாள். மூன்று வீடும் அவளுக்குச் சொன்னது அவள் சொன்னதைத்தான். அந்த மூன்று வீட்டுக்கும் போய்வருகிற ஒரே ஆள் அவள்தான் என்பது இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. இன்னும் எத்தனை பேரை, எத்தனை வருடமாக, இப்படி உடுத்தி அனுப்பியிருக்கிறோமோ என்று நினைத்தபோது அவளுக்குக் கூசியது.

மறுநாள் கழிப்பறைக்குப் போனாள். மீட்டர் குழி வெளிச்சுவர் ஓரம் இருந்ததால், உள்ளே கால் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஈ ஒன்றும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை, ஈயே இல்லை. தரை ஈரமாக, பினாயில் மணத்தோடு, சுத்தமாக இருந்தது. ஒரு கதவின் தாழ்ப்பாள் உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. வாளிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்கண்ணி. மீட்டர் பாக்கற நாளா இன்னைக்கு?"

"இல்ல. சும்மாதான்." பிறகு கேட்டாள். "படியில ஒருத்தன் விழுந்தானாமே?"

"ஆமா, ரெண்டரை மாசம் ஆச்சு. போனைப் பாத்துக்கிட்டே வந்தான், வழுக்கிட்டான். முட்டியில சிராய்ப்பு. நான்தான் மருந்து போட்டு அனுப்பினேன். அதுக்கப்புறமும் நாலஞ்சு தடவை வந்துட்டுப் போயிட்டான்."

மீட்டரம்மா தலையை ஆட்டினாள். நாத்தனார் தனக்கிருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். தான் வாளி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, புதன்கிழமை நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். எனக்கு நாலு பேர் முன்னாடி வாய் வராது. உங்க பேச்சைத்தான் ஊரே கேக்குமே. நீங்க சொன்னா நம்புவாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் நுனி வரைக்கும் வந்தது. முந்நூற்று எண்பத்தாறு வாசலில் கூசாத நாக்கு, அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள். வேறு யாரையும் திட்டத் தோன்றாத முதல் நாள் அது.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். சமூகக்கூடம் கழிப்பறைக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம். ஆள் இல்லாமல் கழிப்பறை திறந்திருக்கக் கூடாது என்பது நகராட்சி விதி. நாத்தனார் பத்தரை மணிக்கே பூட்டிவிட்டு, சாவியைக் கையில் பிடித்தபடி மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கூடத்துக்குள்ளும் ஒரு கழிப்பறை உண்டு. குழாய் வெடித்த பிறகு அதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிப் பூட்டு போட்டிருந்தார்கள்.

கவுன்சிலர் பன்னிரண்டு பத்துக்கு வந்தார். அதுவரை ஜனங்களைச் சமாதானப்படுத்த மூன்று முறை தேநீர் கொடுத்தார்கள். ஓசித் தேநீரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைமையாசிரியர் நாலு கோப்பை குடித்தார்.

கவுன்சிலர் மனுவை உயர்த்திக் காட்டினார். "இருநூத்திப் பன்னண்டு பேர்! இது என் கருத்து இல்லைங்க. மக்கள் கருத்து. யாராவது மாத்திச் சொல்ல விரும்பினா சொல்லலாம்."

மீட்டரம்மா எழுந்தாள். "சார், அந்த நீலச் சட்டைக்காரர் மயங்கி விழல. அப்படி ஒரு ஆளே இல்ல. ஒருத்தன் போனைப் பாத்துக்கிட்டு வந்து படியில வழுக்கினான், அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேத்துச் சொன்னது. சட்டை எங்க வீட்டுக்காரரோடது. கொடியில காஞ்சிட்டிருந்துச்சு. வேணும்னா எடுத்துட்டு வந்து காட்டறேன்."

 கூடம் சிரிப்பில் குலுங்கியது. தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உக்காருங்கம்மா. சொந்தக்காரங்க மேல பாசம் இருக்கணும்தான். அதுக்காக ஊர்ப் பழியை இழுத்துத் தன் தலையில போட்டுக்கறதா? பெரிய மனசு உங்களுக்கு." சிலர் கைதட்டினார்கள்.

"பாசமெல்லாம் இல்ல சார்! நான்தான் சொன்னேன். உங்க வாசல்லயே சொன்னேன்."

"எனக்கு ஞாபகமில்லையே" என்றார் அவர், நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு.

பேக்கரிக்காரம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னாள். "இவங்க சொல்லியிருந்தா நாம நம்பியிருப்போமா என்ன? எதையும் ஒண்ணுக்குப் பத்தாச் சொல்லுவாங்கன்னுதான் தெரியுமே. மூடியைத் தூக்கும்போது ஏதாவது பேசிட்டே இருப்பாங்க. நாம பாட்டுக்கு உம் போட்டுட்டு இருப்போம். இது நாலு பேர் சொல்லிக் கேட்ட விஷயம்."

மீட்டரம்மா பேக்கரிக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம். ஊரே தன் அபிப்பிராயத்துக்காக இரண்டு மாதம் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் எண்ணைச் சரிபார்க்க வந்து நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவள் சொன்னது எல்லார் வாயிலும் இருக்கிறது. அவள் மட்டும் ஒருவர் நினைவிலும் இல்லை. அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. உட்கார்ந்துவிடலாம் என்று நாற்காலியைத் தேடினாள்.

அப்போதுதான் தலைமையாசிரியரின் முழங்கால்களைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பின்வரிசையில் ஒருவர் கால் மேல் கால் போட்டார்; மாற்றிப் போட்டார்; திரும்பவும் மாற்றிப் போட்டார். பேக்கரிக்காரம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டிருந்தாள். மூன்று தேநீர் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது.

மீட்டரம்மா உட்காரவில்லை. பையிலிருந்து மெஷினை எடுத்தாள்.

"சரி, என் பேச்சை விடுங்க. இது மீட்டர். போன ரெண்டு மாசத்துல சந்தைக் கழிப்பறைக்கு ஓடின தண்ணி இருநூத்திப் பதினாறாயிரம் லிட்டர். ஒரு நாளைக்கு மூவாயிரத்து அறுநூறு. நாத்தனார் கழுவி விடறதுக்கு அறுநூறு போச்சுன்னு வைங்க. மீதி மூவாயிரம். ஆளுக்குப் பத்து லிட்டர்னா தினம் முந்நூறு பேர்." கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "யாரு அந்த முந்நூறு பேர்? இங்க யாராவது போறதுண்டா? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"குழாயில கசிவு இருக்கும்மா" என்றார் கவுன்சிலர்.

"கசிவா? கசிவு எப்படி இருக்கும்னு நான் சொல்றேன் சார்." மீட்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் பேச்சைத் தெரிந்தே நீட்டினாள். "முதல்ல சொட்டும். ஒண்ணு... ஒண்ணு... விட்டு விட்டு. வாளியில விழுந்தா சத்தம் கேக்கும். அப்புறம் நூல் மாதிரி இறங்கும். அடைச்சுப் பாப்பீங்க, நிக்காது. உள்ள அழுத்தம் கூடக் கூட என்ன ஆகும்? ஒரு கட்டத்துல, சார், எந்த வால்வாலயும் தாங்க முடியாது. சளசளன்னு..."

"போதும்மா!" என்று யாரோ பின்னாலிருந்து கதறினார்கள்.

"இருங்க, இன்னும் மெயின் குழாய்க்கே வரல. அங்க எப்படிக் கொட்டும்னா..."

தலைமையாசிரியர் எழுந்தார். கௌரவமாக நடந்து போக முயன்றார், முடியவில்லை. மூன்றாவது வரிசைக்குப் போய்க் குனிந்து, நாத்தனாரின் காதில் ஏதோ சொன்னார். நாத்தனார் திடுக்கிட்டு எழுந்தாள். அவளுக்கு இதில் சூதும் இல்லை வாதும் இல்லை. "ஐயையோ, முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? வாங்க வாங்க" என்று சாவியோடு ஓடினாள். அவர் பின்னால் ஓடினார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அதற்குப் பிறகு யாரும் யாருக்காகவும் வெட்கப்படவில்லை. சாலையை மறித்துக்கொண்டு ஒரு ஊர்வலமே கடந்தது. ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு என்ன போராட்டம் என்று கேட்டான்.

மேடையில் கவுன்சிலர் தனியாக உட்கார்ந்திருந்தார். மனுவைப் பார்த்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார். "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று மைக்கில் சொன்னார். கேட்க மீட்டரம்மா மட்டும்தான் இருந்தாள். பிறகு அவரும் எழுந்து, முடிந்தவரை மெதுவாக, சாலையைக் கடந்தார்.

அவர் வரிசையில் நாற்பத்தொன்றாவது ஆள். எதிரில் நின்ற முகங்களையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு, இந்த ஊரில் இன்னொரு தடவை இதைப் பற்றி ஒரு மனுவும் தன் மேசைக்கு வரக் கூடாது என்று அங்கேயே உதவியாளரிடம் சொல்லிவிட்டார். நாத்தனாரின் வேலை பிழைத்தது. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். யாரும் மறுக்கிற நிலையில் இல்லை.

மீட்டரம்மா கடைசியாக வந்தாள். தனக்கும் அவசரம்தான். ஆனால் வரிசையில் நிற்காமல் நேராக மேசைக்குப் போனாள். நாத்தனார் ஆண்கள் பக்கம் ஒருவரை அனுப்பிவிட்டு வாளி ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அங்க நான் சொன்னதை ஒருத்தரும் நம்பல" என்றாள் மீட்டரம்மா. "உனக்காகப் பொய் சொல்றேன்னு கைதட்டறாங்க. சத்தியமா நான்தான்டி சொன்னேன். நான்தான்."

நாத்தனார் குழாயை மூடினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் நம்பறேன் அண்ணி" என்றாள் அந்த மெல்லிய குரலில். "நீங்கதான் சொல்லியிருப்பீங்க."

மீட்டரம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தைக்குப் பக்கத்தில், நாற்பது பேர் எதிரில், கையில் மெஷினோடு நின்று அழுதாள். நாத்தனார் அவளைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஆண்கள் பக்கத்து வாசலைக் காட்டினாள்.

"அழறது அப்புறம். அந்த வாசல்ல நில்லுங்க. ஒவ்வொருத்தரா உள்ள விடுங்க." வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவள் திரும்பினாள். "பேசாம விடுங்க."

மீட்டரம்மா போய் வாசலில் நின்றாள். முதலில் வெளியே வந்தவர் தலைமையாசிரியர். கையை உதறிக்கொண்டு, முகம் தெளிந்து, ஏதோ தானே கண்டுபிடித்தது போல, "நல்லா சுத்தமாத்தாம்மா வெச்சிருக்காங்க" என்றார்.

அவளுக்கு நாக்கின் மேல் பதினெட்டு பதில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் முத்து. கணவர் கேட்டால்கூடச் சிரித்திருப்பார். மீட்டரம்மா உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, அடுத்த ஆளுக்குக் கையைக் காட்டினாள்.